பள்ளமும் குழியும்: அம்மாப்பேட்டை வீடு ஒன்றில் மறதிநோய்ப் பராமரிப்புக்கு ஏ.ஆர். பயிற்சி

## பின்னணி

சேலத்தில் வீடுகளுக்கே போய் முதியவர்களைக் கவனிக்கும் சிறிய செவிலியர் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் வீடுகளில் பாதிக்கு மேல் மறதிநோய் வீடுகள்தான். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலானவர்களைப் பார்த்துக்கொள்வது மருத்துவமனை அல்ல, ஒரு மருமகளோ மகளோ மனைவியோதான். அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

இங்கே சொல்லப்போவது சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள ஒரு நெசவாளர் குடும்பத்தைப் பற்றி, அவர்களுக்கு ஏ.ஆர். என்னும் ஃபோன் திரைக் காட்சிகளை வைத்து நாங்கள் கொடுத்த பயிற்சியைப் பற்றி. பெரியவருக்கு 78 வயது. பதினான்கு வயதில் குழித்தறியில், அதாவது தரைக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறியில் உட்கார்ந்தவர், எழுபதைத் தாண்டியும் நெய்தவர். நோய் தெரியவந்த பிறகு தறியைப் பிரித்து விற்றுவிட்டார்கள். குழியை மூடி, கூடம் முழுவதும் பளபளப்பான டைல்ஸ் போட்டார்கள். எங்களைக் கூப்பிட்டபோது அல்சைமர் வகை மறதிநோய் என்று மருத்துவர் சொல்லி இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. சர்க்கரை உண்டு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் இல்லை. வீட்டில் அவருடைய மனைவி (72 வயது, கை மூட்டுகளில் வாதம், காதும் கொஞ்சம் மந்தம்), மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேரன். பகலில் பார்த்துக்கொள்ள அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன் நான்கு மாதத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம், வெளியாரிடம் தமிழ். இது பின்னால் முக்கியமாகும்.

மருமகள் சொன்ன பிரச்சினைகள் நான்கு. குளியலறைக்குள் போக மறுக்கிறார், கூடத்தின் மூலையில் சிறுநீர் கழித்துவிடுகிறார். குளிக்க வைக்கும்போது அடிக்கிறார். மாலை நாலரை மணி ஆனால் எழுந்து அலைகிறார், கதவைத் தட்டுகிறார். விடியும் முன் யாருக்கும் தெரியாமல் தெருவுக்குப் போய்விடுகிறார். “நான் ராத்திரி தூங்கி மூணு மாசம் ஆச்சுங்க” என்றார். அவர் அழவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

## முதல் வாரத்தில் பார்த்தது

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று முடிவு செய்தோம். என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன இருந்தது, பிறகு யார் என்ன செய்தார்கள் என்ற மூன்று கட்டம். ஏழு நாளில் ஐந்து நாள் குளியல் சண்டையில் முடிந்தது. குளியலறைக்கு வெளியே சிறுநீர் போனது பதினொரு முறை.

குளியலறை வாசலில் கரும்பழுப்பு நிறத்தில் நீளமான கால்மிதி ஒன்று கிடந்தது. பெரியவர் அதன் முன் வந்து நிற்பார், குனிந்து பார்ப்பார், முழங்காலை மடக்கி உட்காரப் பார்ப்பார். உதவியாளர் பின்னாலிருந்து தூக்குவார், அவர் கையை உதறுவார். நான் நோட்டில் இப்படி எழுதினேன்: “கால்மிதியைப் பள்ளம் என்று பயப்படுகிறார், விழாமல் இருக்க உட்காரப் பார்க்கிறார்.” அந்த வரியின் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி தவறு என்பது தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

உள்ளே வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கமோடு, நேர் எதிரே பெரிய கண்ணாடி. கூடத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் தரையில் நீளமாகப் பளிச்சிட்டது. மறதிநோய் நினைவை மட்டும் தின்பதில்லை. கண் பார்த்ததை மூளை பிரித்தறிவதும் பழுதாகிறது. நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கும், ஆழம் தெரியாது, பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியலாம், கறுப்பு விரிப்பு பள்ளமாகத் தெரியலாம், கண்ணாடியில் இருப்பது யாரோ அந்நியர் என்று தோன்றலாம். இதை மருமகளிடம் வாயால் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார். மறுநாளும் அதே கால்மிதி அங்கேயே கிடந்தது.

## ஏ.ஆர். வழியைத் தேர்ந்தெடுத்த காரணம்

அந்தச் சமயத்தில் பொறியியல் மாணவர்கள் நான்கு பேர் எங்களுக்காக ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தார்கள், அவர்களுடைய இறுதியாண்டு புராஜெக்டாக. ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். என்பது, கண்முன்னே இருக்கும் உண்மையான இடத்தின் மேல் ஃபோன் திரையில் வேறு சிலவற்றைச் சேர்த்துக் காட்டுவது. தலையில் கருவியை மாட்டி முழுக்க வேறோர் உலகத்துக்குப் போகும் வர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது வி.ஆர். வேறு. வி.ஆர். முறையில் மறதிநோயைக் காட்டும் முயற்சிகள் முன்பே உண்டு. பிரிட்டனின் அல்சைமர்ஸ் ரிசர்ச் யூ.கே. அமைப்பு 2016இலேயே, அட்டைக் கண்ணாடிக்குள் ஃபோனை வைத்துப் பார்க்கும் ஒரு செயலியை வெளியிட்டது. அது நல்ல முயற்சிதான். ஆனால் அதில் தெரிவது வேறு ஊர், வேறு வீடு. அம்மாப்பேட்டை மருமகள் திருத்த வேண்டியது அவர் வீட்டுக் குளியலறையை. அவர் வீட்டுத் தரை அவருக்கே வேறாகத் தெரிய வேண்டும். அதற்கு ஏ.ஆர். பொருத்தம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செயலி கூகுளின் ஏ.ஆர்.கோர் மென்பொருளின் மேல் எழுதப்பட்டது. 2018இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. கேமராவில் தெரியும் புள்ளிகளையும் ஃபோனின் அசைவையும் சேர்த்துக் கணக்கிட்டு, தரை எங்கே, ஃபோன் எங்கே என்று அது கண்டுகொள்ளும். அதன் மேல் மாணவர்கள் ஐந்து காட்சிகளை வைத்தார்கள்: நிறங்கள் மங்கி மஞ்சளிப்பது, ஓரப் பார்வை குறைவது, தொட்டுக் காட்டும் இடத்தில் தரை பள்ளமாவது, பளபளப்பு தண்ணீராக மின்னுவது, கண்ணாடிக்குள் ஒரு அந்நிய உருவம் நிற்பது. இயர்ஃபோனில் மிக்சி, டிவி, பேச்சு எல்லாம் ஒரே சத்தமாகக் கலந்து வரும் ஒலி தனி.

போகும் முன் சில கட்டுப்பாடுகளை வைத்தோம். பெரியவர் முன்னிலையில் ஃபோனைத் தூக்கக் கூடாது. முகத்துக்கு நேராக ஃபோனைப் பிடித்துக்கொண்டு வருபவரைப் பார்த்தால் அவருக்குப் பயம் கூடத்தான் செய்யும். எதுவும் பதிவாகக் கூடாது. மனைவியிடமும் மகனிடமும் சம்மதம் கேட்டோம். பயிற்சி, மதியம் அவர் தூங்கும் நேரத்தில் மட்டும்.

ஒரு முடிவை இன்னும் யோசித்து எடுத்திருக்க வேண்டும். பெரியவரின் மனைவியை, பாட்டியம்மாவைப் பயிற்சியில் சேர்க்கவில்லை. அவருடைய விரல்களால் ஃபோனைப் பிடிக்க முடியாது. “எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்” என்று அவரே சொன்னார், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

## பயிற்சி நாட்கள்

முதல் நாள் செயலி வேலையே செய்யவில்லை. ஒரே நிறத்தில் பளபளக்கும் டைல்ஸில் ஃபோனுக்குத் தரை பிடிபடவில்லை. பிடித்துக்கொள்ள அதற்குப் புள்ளிகள் வேண்டும். பத்து நிமிடம் ஃபோனை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தோம். அப்புறம் உதவியாளர்தான் பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து ஆங்காங்கே பரப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. இதைக் கவனமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு: ஃபோனுக்கு வசதியான தரை மறதிநோயாளிக்கு வசதியான தரை அல்ல. கோலமும் பூவும் கட்டமுமாக இருக்கும் தரையில் அவர்கள் தடுமாறுவார்கள், பூவைப் பொறுக்கக் குனிவார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு தாள் விடாமல் எடுத்துவிட வேண்டும்.

மருமகள் முதலில் தன் கண் உயரத்தில் ஃபோனைப் பிடித்து நடந்தார். “கொஞ்சம் மங்கலா இருக்கு, அவ்ளோதான்” என்றார். பெரியவர் கூனியவர், ஆறு அங்குலமாவது உயரம் குறைவு. அவருடைய கட்டிலில் உட்காருங்கள், அவர் கண் இருக்கும் உயரத்தில் பிடியுங்கள் என்றேன். உட்கார்ந்து திரையைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த உயரத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் கட்டில் காலிலிருந்து குளியலறை வாசல் வரை ஒரே தண்ணீராகக் கிடந்தது. அதன் முடிவில் கறுப்பாக ஒரு பள்ளம். அதற்கப்பால் எதுவும் பிரிந்து தெரியாத வெள்ளை.

“அய்யோ, இதுலயா மாமாவ நடங்க நடங்கன்னு இழுத்தேன்” என்றார்.

வாயால் இரண்டு முறை சொல்லி நடக்காதது அன்று மாலைக்குள் நடந்தது. கால்மிதி போயிற்று. கண்ணாடி மேல் துண்டு விழுந்தது. மறுநாள் கமோடுக்கு அடர்நீல இருக்கை வாங்கினார்கள், வெள்ளை மக் போய் சிவப்பு மக் வந்தது. குளியலறைக் கதவைத் திறந்தே வைத்து உள்ளே விளக்கை எப்போதும் எரிய விட்டார்கள். ட்யூப்லைட்டைத் தரையில் பிரதிபலிக்காத சுவருக்கு மாற்ற எலக்ட்ரீஷியனைப் பேரன் கூட்டிவந்தான்.

உதவியாளருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம். அவருடைய ஃபோனில் ஏ.ஆர்.கோர் ஓடாது, எங்களுடையதைத்தான் கொடுத்தோம். அவருக்குக் காட்சியைவிட, அதற்குப் பின் ஃபோன் இல்லாமல் செய்த பயிற்சிதான் உதவியது: முன்னால் வந்து, கண்ணுக்கு நேராக, ஒரே ஒரு சொல்லில் கூப்பிடுவது, பின்னாலிருந்து தொடாமல் இருப்பது, தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் பாதத்திலிருந்து தொடங்குவது, தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக் குளிக்க வைப்பது, அவர் கையிலேயே மக்கைக் கொடுத்து அதன் மேல் நம் கையை வைத்து ஊற்றுவது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவருக்கு ஆயுள் பழக்கம் என்று மருமகள் சொன்னார். சனிக்கிழமை கொஞ்சம் நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினால் தானே தலைக்குக் கொண்டுபோனார்.

கலந்த சத்தம் வரும் ஒலியை மருமகளுக்கு ஒரு முறைதான் போட்டோம். இருபது வினாடியில் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டார். ஏற்கெனவே மூன்று மாதம் தூங்காதவர் அவர். அன்று இரவு அவருக்கு நெஞ்சு படபடத்ததாக மறுநாள் சொன்னார். களைத்துப்போன ஒருவருக்குப் பயத்தைக் காட்டிப் புரிய வைக்க நினைத்தது சரியில்லை. அந்த ஒலியை அதோடு நிறுத்தினோம். இரவில் மனம் தாங்காமல் போனால் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416ஐ அவர் ஃபோனில் பதிந்து கொடுத்தேன். இரண்டு முறை பேசினதாகச் சொன்னார்.

மூன்றாம் வாரக் குறிப்பில் குளியல் சண்டை ஒரே ஒரு நாள். வெளியே சிறுநீர் போனது நான்கு முறை. நான் மிகவும் மகிழ்ந்தேன். மாணவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

## பாட்டியம்மா சொன்னது

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை. கழுவிய அதே கால்மிதியைக் கூடத்தில் சுவரோரமாகக் காயப்போட்டிருந்தார்கள். மணி நாலரை. பெரியவர் எழுந்தார், நேராக அங்கே போனார், சுவரைப் பிடித்து மெதுவாக அதன் விளிம்பில் உட்கார்ந்தார். கால் இரண்டையும் கறுப்பின் மேல் வைத்தார். உதவியாளர் எனக்கு முன் ஓடினார். “பள்ளம்னு பயப்படறாரு மேடம்” என்று அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார். அவர் உதறியதில் உதவியாளர் முழங்கையில் நகம் கீறி இரத்தம் வந்தது.

கட்டிலில் இருந்த பாட்டியம்மா சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். “அவர விடுங்க. தறியில உக்காந்திருக்கார்.”

விட்டோம். பார்த்தோம். வலது கால் அழுந்தியது, பிறகு இடது கால். வலது கை முகத்துக்கு நேரே எதையோ பிடித்து வெடுக்கென்று இழுத்தது. இடது கை முன்னே போய், மார்புப் பக்கம் வந்தது. மறுபடி வலது கால். தறியின் மிதிக்கட்டை, நாடாவை ஓட்டும் கயிறு, இழையை நெருக்கும் பலகை. ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த வரிசையில் ஓடிய கையும் காலும். அவருக்கு அது பள்ளமாகத்தான் தெரிந்தது. ஆனால் பயப்படும் பள்ளம் அல்ல, தறிக்குழி. உட்கார விடாமல் நாங்கள்தான் தூக்கிக்கொண்டிருந்தோம்.

செயலி காட்டியது பொய்யில்லை. கறுப்பு விரிப்பு குழியாகத் தெரியலாம் என்பது உண்மை. அதைப் பார்த்தவர் என்ன நினைப்பார் என்பது அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது, செயலியில் இல்லை. நாங்கள் செய்த பயிற்சி கண்ணை மட்டும் காட்டிவிட்டு, பயத்தை நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. பள்ளம் என்ற காட்சிக்கு மாணவர்கள் ஒரு திகில் ஓசையும் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டவர் யாரும் வேறு எதையும் யோசிக்க மாட்டார்கள்.

அன்று மாலை பாட்டியம்மா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் காதருகே கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும், அவ்வளவுதான். மாலை நாலரை அலைச்சல் என்ன? வெளிச்சம் போவதற்குள் அன்றைய கணக்கு நெய்து முடிக்கும் நேரம் அது, “அப்பத்தான் வேகமா ஓட்டுவார்” என்றார். விடியும் முன் தெருவுக்குப் போவது? வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு (தறியில் ஏற்றும் நீள இழைகள்) நீட்டிப் போடுவார்கள், ஆள் சேரவில்லை என்றால் இவர் போய் ஒவ்வொரு வாசலாகக் கூப்பிடுவார். மாலையில் உதவியாளரிடம் எதையோ உளறுகிறார் என்று நோட்டில் பல இடத்தில் இருந்ததே? “தண்ணி கேப்பார். எங்க பாஷையில கேப்பார்.” நோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவலாம், தாய்மொழி அதைவிட நீண்ட நாள் நிற்கலாம் என்பது எனக்குப் படிப்பில் தெரியும். அந்த வீட்டில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. தாகத்தோடு ஒரு மனிதர் ஒரு மாதம் தண்ணீர் கேட்டிருக்கிறார், நாங்கள் அதை உளறல் என்று எழுதியிருக்கிறோம்.

## அதற்குப் பின் எடுத்த முடிவுகள்

கால்மிதியைத் தூக்கிப்போடவில்லை. குளியலறைப் பக்கம் வராமல், பழைய தறி இருந்த மூலைக்குக் கொண்டுபோனோம். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் விழுவார் என்ற கவலை நியாயமானது. அதனால் அரையடிக்கு மேல் உயரமாக அகலமான மணை ஒன்றைத் தச்சரிடம் செய்து, நழுவாமல் கீழே ரப்பர் ஒட்டி, எட்டும் உயரத்தில் சுவரில் கைப்பிடி ஒன்றைப் பதித்தோம். மணைக்கு முன்னால் கால்மிதி. தறியைத் திரும்பப் போட முடியாது. ராட்டை ஒன்று உறவினர் வீட்டுப் பரணில் இருந்தது. முன்பெல்லாம் அவர் நெய்ய நெய்ய, ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) நூலைத் தாரில், அதாவது சிறு குழலில் சுற்றிக் கொடுத்தது பாட்டியம்மாதான். இப்போது அவர் விரலால் முடியாது, பெரியவரின் கை சுழற்றியது. பாட்டியம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் மொழியில் பேசிக்கொண்டே இருப்பார். நூல் கற்றையான சிட்டம் சிக்கிக்கொள்ளும், தார் கோணல்மாணலாக வரும், யாரும் திருத்தவில்லை.

நாலரையிலிருந்து ஆறு வரை இது. அலைச்சல் முழுதாக நிற்கவில்லை. வாரத்தில் ஆறு நாளும் கதவு தட்டியது இரண்டு நாளாகக் குறைந்தது.

விடியலுக்குத் தாழ்ப்பாளை மேலே வைத்துப் பூட்டலாம் என்பது என் முதல் யோசனை. மகன் வேறு சொன்னார். ஐந்தரைக்கு அவரே அப்பாவின் கையைப் பிடித்துத் தெரு முனைவரை போய்த் திரும்பினார். தெருவில் யாரும் பாவு போடவில்லை. “இன்னிக்கு லீவுப்பா” என்று மகன் சொன்னால் ஏற்றுக்கொண்டு திரும்புவாராம். மற்ற நேரத்துக்குக் கதவில் ஒரு சிறிய மணி கட்டினார்கள்.

உதவியாளர் ஒரு காகிதத்தில் சௌராஷ்டிரச் சொற்கள் பத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்: தண்ணீர், சாப்பாடு, வலி, குளிர், பாத்ரூம், போதும். சமையலறைச் சுவரில் ஒட்டினார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அதிகம் பயன்பட்ட பயிற்சிப் பொருள் அந்தக் காகிதம்.

## ஏழாம் வாரம்: நாங்கள் தவறவிட்டது

ஒரு திங்கட்கிழமை மதியம் பெரியவர் அசந்து அசந்து தூங்கினார். இரவு சுவரில் எறும்பு ஊர்வதாகத் தட்டினார், மனைவியை யாரென்று கேட்டார், சற்று நேரம் தெளிந்தார், மறுபடி கலங்கினார். உதவியாளர் பயிற்சியில் கற்றதை எல்லாம் செய்தார். வெளிச்சத்தை மாற்றினார், சுவரில் இருந்த பூப்போட்ட காலண்டரைக் கழற்றினார், டிவியை நிறுத்தினார். நோட்டில் அழகாக எழுதியும் வைத்தார். என்னிடம் ஃபோனில் கேட்டபோது, கண்ணாடித் துண்டு விலகியிருக்கிறதா பாருங்கள் என்று நானே சொன்னேன்.

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. நாக்கு காய்ந்திருந்தது, சிறுநீர் கலங்கி நாற்றம் அடித்தது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோனோம். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்து, தண்ணீரைக் கணக்கு வைத்துக் குடிக்கக் கொடுத்ததில் பத்து நாளில் கலக்கம் அடங்கியது. ஆனால் அதற்கு முன் இருந்த நிலைக்கு அவர் முழுதாகத் திரும்பவில்லை.

இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. மறதிநோய் மாதக் கணக்கில் மெதுவாக இறங்கும். சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால், தெளிவதும் கலங்குவதுமாக இருந்தால், அது டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பம். தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுவது, புதிய மருந்து, சொல்லத் தெரியாத வலி என்று பின்னால் ஒரு உடல் காரணம் இருக்கும். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். இது செவிலியர் படிப்பின் பால பாடம். எங்கள் பயிற்சித் தாளில் அது நான்காம் பக்கத்தில் இருந்தது. முதல் மூன்று பக்கமும் வெளிச்சம், நிறம், கண்ணாடி. ஏ.ஆர். நன்றாக வேலை செய்ததால் எல்லா நடத்தைக்கும் காரணம் கண்தான் என்ற எண்ணம் உதவியாளருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. இரண்டு நாள் போனது அதனால்தான். அது உதவியாளர் தவறு அல்ல, என் தவறு.

## ஐந்து மாதத்துக்குப் பின்

அதே உதவியாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். குளியலறைக்குக் கூட்டிப்போனால் பெரியவர் வருகிறார். நீல இருக்கையைப் பார்த்து உட்கார்கிறார். சில நாள் மறந்துவிடுகிறார், டயப்பர் பழக்கமாகிவிட்டது. இன்னொரு கண்ணுக்கும் மருத்துவரிடம் காட்டினார்கள். அறுவைச் சிகிச்சையைத் தாங்குவாரா என்று இன்னும் முடிவாகவில்லை. மருமகள் வாரத்தில் நான்கு இரவு தூங்குகிறார். அந்த நான்கு இரவை மகன் பார்த்துக்கொள்கிறார்.

ராட்டையைச் சுழற்றுவது இப்போது அவருக்கு வரவில்லை. நூல் சிட்டத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். பாட்டியம்மா நாலரைக்கு மணையை இழுத்துப் போடச் சொல்வது நிற்கவில்லை.

## மறுபடி செய்தால் மாற்றுவது

மாற்ற வேண்டியவற்றில் சிலவற்றை ஏற்கெனவே செய்துவிட்டோம். பயிற்சித் தாளின் முதல் பக்கத்தில் இப்போது ஒரே விஷயம்தான், பெரிய எழுத்தில்: திடீரென மாறினால் வீட்டைத் திருத்தாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். ஃபோனை எடுப்பதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை, மலம் போகிறதா, மருந்துப் பட்டியல், கண், காது ஆகியவற்றைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். பள்ளம் காட்சியிலிருந்து திகில் ஓசையை மாணவர்கள் எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக்குள் வரும் உருவத்தையும் எடுக்கச் சொன்னேன், அது பேய் மாதிரி இருந்தது. காட்சி முடிந்ததும் திரையில் விடை வருவதில்லை, கேள்விதான் வருகிறது: “இது இவருக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்? யாரைக் கேட்டால் தெரியும்?”

முதல் ஒரு மணி நேரம் ஃபோன் இல்லை. வீட்டில் அவரை அதிக காலம் அறிந்தவர் யாரோ அவரிடம் உட்கார்கிறோம். கை என்ன வேலை செய்தது, எத்தனை மணிக்கு எழுவார், எந்த மொழியில் கோபப்படுவார், எந்த மொழியில் சாமி கும்பிடுவார் என்று கேட்கிறோம். அந்த ஒருவருக்குக் காது கேட்காவிட்டால் உரக்கப் பேசுகிறோம். கை நடுங்கினால் ஃபோனை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது இது உடனே உதவியது. அந்த அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். பனி இறங்கிய நாள், வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் செயலி தரையைப் பிடிக்கவே இல்லை. முன்பு என்றால் இன்னொரு நாள் வருகிறோம் என்று இறங்கியிருப்போம். அன்று மகளிடம் உட்கார்ந்து பேசினோம். அம்மா ஏன் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து மடியில் சேர்க்கிறார் என்பதற்கு அவர் பதில் சொல்லும் முன்பே எங்களுக்குப் புரிந்தது. இப்போது அவர் மடியில் ஒரு கூடையும் கொத்துக் கொத்தாகச் சிவப்பு மணியும் இருக்கின்றன.

இன்னும் ஒன்றைச் சரிசெய்ய முடியவில்லை. அம்மாப்பேட்டை வீட்டில் மகன் ஒருமுறைகூட ஃபோனைப் பிடித்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கவில்லை. பயிற்சியை நாங்கள் வைத்ததெல்லாம் வேலை நாள் மதியத்தில். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது பெண்கள் மட்டும். அவர் மறுக்கவில்லை, நாங்கள்தான் அழைக்கவில்லை. அடுத்த வீட்டில், சேலத்தின் குகைப் பகுதியில், முதல் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம். இரண்டு மகன்களும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.